இருக்கிற தபால்பெட்டியில் வந்து விழட்டும்

"தம்பி, எனக்கு இன்னொரு ஜன்னல் வேண்டாம். இருக்கிற தபால்பெட்டியிலேயே வந்து விழட்டும்" என்று அந்த அக்கா சொன்னது 2014ஆம் ஆண்டில். அவர் மொழிபெயர்ப்பாளர், பார்வையற்றவர். திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளின் துணையோடு தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் செயலியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்தார். எந்த விசையை அழுத்தினால் அடுத்த கடிதம், எதை அழுத்தினால் பதில், எதை அழுத்தினால் தேடல் என்பதெல்லாம் அவர் விரல்களுக்கு மனப்பாடம். தன் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்ட ஒருவருடைய நினைவுக்குறிப்புகளை அப்போது அவர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். நான் மெய்ப்புப் பார்த்தேன். அந்தப் பக்கங்கள் எங்களிடையே போய்வருவதற்கு, ரகசியமாகக் கடிதம் அனுப்ப உதவும் பிட்மெசேஜ் என்னும் வலைப்பின்னலை நான் பரிந்துரைத்தேன். ரகசியம் காக்க வேண்டும் என்பதில் அக்காவுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இருபது விசைகளை விட்டுவிட்டு வேறு இருபது விசைகளைப் புதிதாகப் பழக வேண்டும் என்பதைத்தான் அவர் ஏற்கவில்லை. அந்த மறுப்பு நியாயமானது என்று எனக்குப் பட்டதால், சாதாரண மின்னஞ்சல் செயலிக்கும் அந்த வலைப்பின்னலுக்கும் நடுவே ஒரு சிறு பாலம் எழுத உட்கார்ந்தேன். அந்த வேலை எனக்குக் கற்றுத்தந்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

கடிதத்தைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் பிஜிபி நிரல் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஃபில் சிம்மர்மன் 1991இல் வெளியிட்ட பிஜிபி, கடிதத்தின் உடலை நன்றாகவே மறைக்கிறது. ஆனால் யார், யாருக்கு, எந்த நேரத்தில் எழுதினார் என்னும் விவரங்கள் உறைமேல் எழுதிய முகவரியைப் போல வெளியிலேயே இருக்கும். கடிதத்தின் பொருள் வரியும் வழக்கமாக மறையாது. எங்கள் வேலையில் காக்க வேண்டியது கடிதத்தின் சொற்களைவிட, நாங்கள் மூவரும் ஒருவரோடொருவர் தொடர்பில் இருக்கிறோம் என்ற செய்தியைத்தான். 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த அமெரிக்க உளவு ஆவணங்களுக்குப் பிறகு, யார் யாரோடு பேசுகிறார் என்ற பட்டியலே எவ்வளவு பேசும் என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டில்தான் பிட்மெசேஜ் பக்கமும் பலர் திரும்பினார்கள்.

ஜொனாதன் வாரன் 2012 நவம்பரில் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையில் பிட்மெசேஜின் வடிவத்தை விளக்கியிருந்தார். எண்ணம் எளிமையானது. ஒரு கடிதம் குறியாக்கம் செய்யப்பட்டு, பெறுநர் யார் என்ற குறிப்பு வெளியே தெரியாதபடி வலைப்பின்னலில் விடப்படுகிறது. அது ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் பரவி எல்லோரிடமும் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு கணினியும் வந்த ஒவ்வொரு கடிதத்தையும் தன்னிடம் மட்டும் இருக்கும் தனிச்சாவியால் திறந்து பார்க்கிறது. திறந்தால் அது தனக்கு வந்தது, திறக்காவிட்டால் வேறு யாருக்கோ வந்தது. ஊருக்கே ஒரே பெட்டியாக வைத்து, யாருடைய சாவி எந்த உறைக்குப் பொருந்துகிறது என்று அவரவர் வீட்டுக்குள் பார்த்துக்கொள்வது போன்ற ஏற்பாடு. நடுவில் சர்வர் கிடையாது. முகவரி என்பது பொதுச்சாவிகளிலிருந்து, அதாவது தனிச்சாவிக்கு இணையாக வெளியே தரக்கூடிய சாவிகளிலிருந்து, கணக்கிட்டு எடுத்த ஹாஷ் என்னும் சுருக்க அடையாளம். 'பிஎம்' என்று தொடங்கி வழக்கமாக முப்பத்தைந்து எழுத்துகளுக்குமேல் நீளும், வாயால் சொல்ல முடியாத ஒரு சரம். எல்லோரும் எல்லாவற்றையும் சுமப்பதால் கைப்பேசிக்கு இது ஒத்துவராது, கோடிக்கணக்கானவர்கள் வந்தால் தாங்காது என்ற குறைகள் தொடக்கத்திலிருந்தே தெரிந்தவை. எங்களைப் போன்ற மூன்று பேருக்கு அவை தடையாக இல்லை.

பாலத்தின் எலும்புக்கூடு ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. மின்னஞ்சல் செயலிக்கு வெளியுலகத்தைப் பற்றித் தெரிந்தது இரண்டே மொழிகள். அனுப்புவதற்கு எஸ்எம்டிபி, வாங்குவதற்கு பாப்3 அல்லது ஐமேப். எதிர்முனையில் இருப்பது பெரிய நிறுவனத்தின் சர்வரா, அதே கணினியில் ஓடும் ஐந்நூறு வரி நிரலா என்று அதற்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. பைபிட்மெசேஜ் என்ற மூல நிரல் 8444ஆம் போர்ட், அதாவது அந்த எண்ணிட்ட வாசல், வழியாக வலைப்பின்னலோடு பேசும். அதை வேறு நிரல்கள் இயக்குவதற்கு 8442ஆம் போர்ட்டில் ஒரு உள்வழி வைத்திருந்தார்கள். என் நிரல் ஒரு கையால் அந்த உள்வழியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தண்டர்பேர்டிடம் தன்னை அஞ்சல் சர்வராகக் காட்டிக்கொண்டது. எத்தனை கடிதம் இருக்கிறது, மூன்றாவது கடிதத்தைக் கொடு, அதை அழித்துவிடு என்று கேட்கும் பாப்3 மொழி 1996இல் வகுக்கப்பட்ட வடிவிலேயே இன்றும் இருப்பதால், அதற்கு விடைசொல்லும் நிரலை எழுதுவது பெரிய வித்தை அல்ல. ஒவ்வொரு கடிதத்துக்கும் மாறாத அடையாளம் ஒன்று வேண்டும், அது எழுபது எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது பாப்3இன் விதி. பிட்மெசேஜ் கடிதத்தின் அடையாளமோ 64 எழுத்து. இரண்டையும் ஒரே கை வெட்டித் தைத்ததைப் போல அது பொருந்தியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. மின்னஞ்சல் செயலி தன்னைப் பயன்படுத்துபவருக்குச் சொல்லாமலே சில வாக்குறுதிகளைக் கொடுக்கிறது. 'அனுப்பப்பட்டது' என்ற கோப்புறைக்குள் போய்விட்டால் அது போய்விட்டது; அனுப்புநர் என்ற இடத்தில் இருக்கும் பெயர்தான் எழுதியவர் பெயர்; அழித்தாலும் எங்கோ ஒரு பிரதி இருக்கும். இவற்றில் எதுவுமே பிட்மெசேஜில் அப்படியே உண்மை அல்ல. பாலம் எழுதுபவர் கவனமாக இல்லாவிட்டால், இரண்டு பக்கமும் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும்போதே நடுவில் இருக்கும் அவருடைய நிரல் பயனரிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

முதல் பொய் '250' என்ற எண். எஸ்எம்டிபி மொழியில் கடிதத்தை வாங்கிக்கொண்ட சர்வர் இந்த எண்ணைச் சொன்னால், இனி இது என் பொறுப்பு என்று பொருள். தண்டர்பேர்ட் உடனே கடிதத்தை 'அனுப்பப்பட்டது' கோப்புறைக்கு மாற்றிவிடும். பிட்மெசேஜிலோ அந்த நிமிடத்தில் கடிதம் கணினியை விட்டே வெளியேறியிருக்காது. பெறுநரின் பொதுச்சாவி கையில் இல்லாவிட்டால் முதலில் அதைக் கேட்டு வலைப்பின்னலில் ஒரு வேண்டுகோள் போக வேண்டும், அவர் கணினி உயிரோடு இருந்து பதில் தர வேண்டும். சாவி வந்த பிறகு உழைப்புச் சான்று என்ற கணக்கைப் போட வேண்டும். யாரும் எல்லோர் தலையிலும் குப்பையைக் கொட்டிவிடாதபடி, ஒவ்வொரு கடிதத்துக்கும் அனுப்புபவரின் கணினி இலட்சக்கணக்கான முறை முயன்று ஒரு எண்ணைக் கண்டுபிடித்து ஒட்டவேண்டும் என்பது இங்குள்ள ஏற்பாடு. இவை முடியும்வரை தண்டர்பேர்டைக் காக்கவைத்தால் அது பொறுமையிழந்து பிழை என்று அறிவித்துவிடும். எனவே 250 என்று சொல்லி வாங்கி வரிசையில் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது.

பிட்மெசேஜ் கடிதத்துக்குள் அனுப்புநரே தயார்செய்து வைத்த ஒரு சிறு ஒப்புகை இருக்கும். பெறுநரின் கணினி கடிதத்தைத் திறந்ததும் அதை எடுத்து வலைப்பின்னலில் விட்டுவிடும். அது சுற்றித் திரிந்து அனுப்பியவரிடம் திரும்ப வரும். பதிவுத் தபாலோடு சேர்த்து நாம் நம் விலாசத்தையே எழுதி அனுப்பும் ஒப்புகை அட்டையை நினைத்துக்கொண்டால் போதும். அந்த ஒப்புகை வந்ததும் பாலம் ஒரு சிறு கடிதமாக அதை இன்பாக்ஸில் போடும்படி செய்தேன்: 'இன்ன தலைப்பிட்ட உங்கள் கடிதம் சேர்ந்தது.' சாவிக்காகக் காத்திருந்தால் அதற்கு ஒன்று, காலக்கெடு முடிந்தும் ஒப்புகை வராவிட்டால் அதற்கு ஒன்று. அக்காவின் மென்பொருள் இவற்றையும் மற்றக் கடிதங்களைப் போலவே வாசித்தது. சாதாரண மின்னஞ்சலில் கடிதம் சேர்ந்ததா என்று அறியாமல் இருப்பதைவிட இது மேலாக இருக்கிறதே என்று அவர் சொன்னார். இருந்த குறை ஒன்றை நேர்மையாகச் சொல்லப்போய் அது ஒரு வசதியாகவே மாறியது.

உழைப்புச் சான்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுபவர்களை அது தனியாகத் தொடுகிறது. கணக்கு கடிதத்தின் நீளத்தையும், அது வலைப்பின்னலில் எத்தனை நாள் உயிரோடிருக்க வேண்டும் என்பதையும் பொறுத்தது. இயல்பான அளவுகோலின்படி, நான்கு நாள் ஆயுளுள்ள 1000 பைட் கடிதத்துக்குச் சராசரியாக 1 கோடியே 25 இலட்சம் முயற்சிகள் வேண்டும். 10,000 பைட் என்றால் ஏறத்தாழ 6 கோடியே 90 இலட்சம். 2 இலட்சம் பைட் என்றால் 126 கோடி. ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட்டில் அடங்கும். தமிழில் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'கோ' என்று எழுதினால் ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்து ஆறு பைட் ஆகிவிடுகின்றன. இதுவரை தவிர்க்க முடியாதது. ஆனால் மின்னஞ்சல் செயலி, பழைய ஏழு பிட் சர்வர்களுக்கு அஞ்சி, ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியோடு மூன்று எழுத்தாக விரித்து அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. அப்போது ஆறு பைட்டாக இருந்த 'கோ' பதினெட்டாகும். போதாததற்கு அதே கடிதத்தை எச்டிஎம்எல் என்னும் வலைப்பக்க வடிவிலும் இன்னொரு முறை சேர்த்து வைக்கும். என் முதல் பாலம் தண்டர்பேர்ட் கொடுத்ததை அப்படியே கட்டிப் பிட்மெசேஜிடம் தள்ளியது. இரண்டு பக்கக் கடிதம் ஒன்றுக்கு என் பழைய மடிக்கணினியின் விசிறி அரைமணி நேரம் கத்தியது.

பிட்மெசேஜின் சொந்த வடிவத்தில் ஒரு தலைப்பும் ஒரு உடலும் மட்டுமே உண்டு, இரண்டும் யுடிஎஃப்-8, அதாவது தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் என்ற அந்த முறை. ஆகையால் பாலம் எச்டிஎம்எல் பகுதியைக் கழித்துவிட்டு, விரித்ததைச் சுருக்கி, வெறும் தமிழை மட்டும் அனுப்ப வேண்டும். மறுமுனையில் மீண்டும் மின்னஞ்சல் உடையைப் போட்டுவிட வேண்டும். அந்த உடை போடும் இடத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மின்னஞ்சலின் பொருள் வரியில் தமிழை நேரடியாக எழுத முடியாது. 75 எழுத்துக்கு மிகாத துண்டுகளாகக் குறியேற்றி அடுக்க வேண்டும். துண்டு போடும் நிரல் பைட்களை மட்டும் எண்ணி வெட்டினால் ஒரு குறியின் மூன்று பைட்களில் இரண்டு இந்தத் துண்டிலும் ஒன்று அடுத்ததிலும் போய், வாசிக்கும்போது எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிக் கட்டங்கள் நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. அக்காவுக்கு அது கண்ணில் படவில்லை, காதில் பட்டது: "தலைப்பு பாதியில விக்குது, தம்பி."

இணைப்புகளில் நான் பிடிவாதமாக இருந்தேன். வலைப்பின்னல் ஒரு பொருளுக்கு 262144 பைட்டுக்கு மேல் இடம் தருவதில்லை. மின்னஞ்சல் வழக்கப்படி இணைப்பைக் குறியேற்றினால் அது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். கைப்பேசியில் எடுத்த ஒரு படம்கூட அடங்காது. நல்லவேளையாக, தான் ஏற்கும் அதிகபட்ச அளவை முன்கூட்டியே அறிவிக்கும் வழி எஸ்எம்டிபியில் இருக்கிறது. பாலம் அந்த அளவைச் சொல்லிவிட்டால், பெரிய கோப்பை இணைத்தவரிடம் தண்டர்பேர்டே தடுத்துச் சொல்லிவிடும்.

இனி, முகவரி. இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். பிட்மெசேஜ் முகவரியை மின்னஞ்சல் செயலி ஏற்க வேண்டுமானால் பின்னால் ஒரு 'அட்' குறியும் ஏதாவது ஒரு டொமைனும் வேண்டும். மின்னஞ்சல் விதிப்படி அந்தக் குறிக்கு முன்னால் 64 எழுத்துவரை இருக்கலாம். எனவே நீளம் சிக்கல் இல்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை விழுங்கிவிடும் முகவரிப் புத்தகங்கள் உண்டு. முகவரிக்குள்ளேயே சரிபார்க்கும் நான்கு பைட் இருப்பதால் அப்படிச் சிதைந்ததைப் பாலம் கண்டுபிடித்துத் திருப்பிவிடும். ஆபத்து டொமைனில் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது என்று நானாக ஒரு பெயரை வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் இரவு அக்காவின் கடிதத்துக்குப் பதில் எழுதி அனுப்பியபோது, 'அனுப்புநர்' கட்டத்தில் பிட்மெசேஜ் கணக்குக்குப் பதிலாக என் வழக்கமான மின்னஞ்சல் கணக்கு நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. கீழே அக்காவின் கடிதம் முழுவதும் மேற்கோளாக ஒட்டியிருந்தது. கடிதம் என் வழக்கமான சேவையின் சர்வருக்குப் போய், அப்படி ஒரு டொமைன் இல்லை என்று சில நிமிடங்களில் திரும்பி வந்தது. நாங்கள் மறைக்க விரும்பிய அத்தனையும், இருவர் முகவரியோடும், வேறொருவரின் வட்டில் சில நிமிடங்கள் வெளிச்சத்தில் கிடந்தன. அந்த டொமைனை யாராவது வாங்கி வைத்திருந்தால் கடிதம் அவர் பெட்டியில் போய் விழுந்திருக்கும். மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, நினைவுக்குறிப்புக்கு உரியவரிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அன்று மாலையே எல்லாவற்றையும் மாற்றினேன். 'இன்வேலிட்' என்று முடியும் டொமைன்களை யாருக்கும் விற்கக் கூடாது என்று 1999இலேயே ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். பாலம் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அதைவிட முக்கியமாக, இரண்டு கணக்குகளும் ஒரே செயலியில் இருந்தாலும் ஒரே சுயவிவரத்தில், அதாவது ஒரே அமைப்புத் தொகுப்பில், இருக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். தண்டர்பேர்டில் தனிச் சுயவிவரம் ஒன்றைத் திறந்து, அதில் பாலத்தின் கணக்கைத் தவிர வேறெதையும் வைக்காமல் விட்டோம். விசைகள் அதே விசைகள்தான். தவறான கதவு மட்டும் அங்கே இல்லை.

இந்தப் பிரிவினைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. பிட்மெசேஜில் அனுப்புநரின் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட பிறகே கடிதம் காட்டப்படும். சாதாரண மின்னஞ்சலிலோ அனுப்புநர் இடத்தில் யாரும் எதையும் எழுதலாம். எஸ்எம்டிபி 1982இல் பிறந்தபோது அதைச் சரிபார்க்கும் எண்ணமே இல்லை. இரண்டும் ஒரே இன்பாக்ஸில் கலந்து வந்தால், அக்காவின் பிட்மெசேஜ் முகவரியை அனுப்புநராகப் போட்டு ஒருவன் சாதாரண மின்னஞ்சல் அனுப்பினாலும் வாசிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும்.

அழிப்பதில் இருக்கும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பாப்3இல் கடிதத்தை இறக்கிக்கொண்ட செயலி, தடுக்காவிட்டால், சர்வரில் இருப்பதை அழிக்கச் சொல்லும். வலைப்பின்னலில் ஆயுள் முடிந்த கடிதம் யாரிடமும் இருக்காது. எனவே பாலம் அந்தக் கட்டளையைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, மூலத்தை ஒரு மாதம் பத்திரமாக வைத்துக்கொள்வதே சரி என்று முடிவுசெய்தேன். நாட்பிட் என்று ஒரு நிரல் வந்திருந்தது. அது பாப்3ஐயே விட்டுவிட்டு, வந்த கடிதங்களை ஒவ்வொரு கோப்பாக மெயில்டிர் என்னும் பழைய முறையில் வட்டில் எழுதிவைக்கும். சர்வர் போல நடிக்கவேண்டிய தேவையே அதற்கு இல்லை. கட்டமைப்பைப் பொறுத்தவரை என்னுடையதைவிட அது அழகானது என்றே இன்றும் நினைக்கிறேன். தண்டர்பேர்டோடு இயல்பாகப் பொருந்தாததால் மட்டுமே அதற்கு நான் மாறவில்லை.

மின்னஞ்சல் செயலி கடிதத்தோடு சேர்த்து அனுப்பும் ஹெடர் வரிகளில் ஒன்றையும் பாலம் கடக்கவிடக் கூடாது. செயலியின் பெயர், பதிப்பு, கணினியின் பெயர், நேரம் ஆகியவை அவற்றில் இருக்கும். நேரத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் '+0530' என்ற சிறு குறிப்பு ஒன்றே போதும், எழுதுபவர் இந்தியாவிலோ இலங்கையிலோ இருக்கிறார் என்று காட்டிக்கொடுக்க. முகம் தெரியாதவர்கள் கூடும் பொது முகவரி ஒன்றுக்கு எழுதுபவர் இதை அறியாமலே சொல்லிவிடுவார். வருகிற பக்கத்தில், எச்டிஎம்எல் கடிதம் எதுவானாலும் அதை வெற்று உரையாக்கிய பிறகே கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு படத்தைச் செயலி இறக்கிவிட்டால், இவ்வளவு பாடுபட்டு மறைத்த இணைய முகவரி ஒரு நொடியில் வெளிப்பட்டுவிடும்.

இணையத்தில் யாரோ நடத்தும் பாலத்தில் கணக்குத் தொடங்கினால் இத்தனை தொல்லை இல்லையே என்று கேட்டவர்களிடம் நான் எப்போதும் மறுத்தே பேசியிருக்கிறேன். அங்கே தனிச்சாவி அவர்களிடம் இருக்கும். கடிதம் அவர்கள் கணினியில் திறக்கப்பட்டு, அங்கிருந்து சாதாரண மின்னஞ்சலாகத்தான் உங்களிடம் வரும். பாலம் உங்கள் கணினியில், 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் காது கொடுத்து ஓடவேண்டும். வேறு எங்கு ஓடினாலும் அது பாலம் அல்ல, இன்னொரு அஞ்சல் நிறுவனம்.

2018 பிப்ரவரியில் பைபிட்மெசேஜின் 0.6.2 பதிப்பில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டது. தனியாக வடிவமைத்த ஒரு கடிதத்தை அனுப்பினால், அதைப் பெறும் கணினியில் அனுப்பியவர் விரும்பிய நிரலை ஓட்ட முடிந்தது. பிட்காயின் பணப்பைகளைத் தேடிச் சிலர் அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். பாலம் இருந்த காரணத்தால் நாங்கள் வலைப்பின்னலோடு பேசும் நிரலைத் தனிப் பயனர் கணக்கில், தன் கோப்புறையைத் தவிர வேறெதையும் தொட முடியாதபடி பூட்டி வைத்திருந்தோம். தண்டர்பேர்ட் அதை ஒரு போர்ட் வழியாக மட்டுமே அறியும். நாங்கள் தப்பினோம். ஆனால் அந்த நிரல் நம்பியிருந்த பைதான் 2 மொழிக்கு 2020 தொடக்கத்தோடு ஆதரவு நின்றது. வலைப்பின்னலிலும் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கூட்டம் குறைந்தால் கூட்டத்துக்குள் மறைவதும் குறையும். நினைவுக்குறிப்பு வேலை அதற்குள் முடிந்திருந்ததால், பாலத்தை நிறுத்தினேன்.

இப்போது யக்மெயில் என்ற நிரலைப் பயன்படுத்துகிறோம். யக்ட்ரசில் என்னும், கணினிகள் நடு சர்வர் இல்லாமல் பேசிக்கொள்ளும் குறியாக்கப்பட்ட வலைப்பின்னல்மேல் அது ஓடுகிறது. பாலம் தனியாகத் தேவையில்லை, அதுவே 1025ஆம் போர்ட்டில் எஸ்எம்டிபியும் 1143இல் ஐமேப்பும் பேசுகிறது. முகவரியின் முன்பாதி பதினாறடிமான எண்களில் எழுதிய பொதுச்சாவி, மின்னஞ்சல் விதி அனுமதிக்கும் அதே 64 எழுத்து. யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைப் பிட்மெசேஜ் மறைத்ததுபோல இது மறைப்பதில்லை. தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை. இப்போது எங்களுக்குள் போய்வருபவை சமையல் குறிப்புகளும் சில கவிதை மொழிபெயர்ப்புகளும் என்பதால் அது போதும். நடுவில் கடிதத்தை வைத்திருக்க யாரும் இல்லாததால் இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு அக்கா தன் கணினியைத் திறக்கிறார், நானும் திறக்கிறேன். அதே விசைகள், அதே இன்பாக்ஸ்.